சந்தடி ஓய்ந்த ஆற்றங்கரை

ஜெர்மனியின் கருங்காட்டில், கூட்டத்துக்கு அஞ்சும் பிரயாணிகள் நாடிப்போகும் ஊர் கல்வ். அதன் நிசப்தம் எங்கிருந்து வந்தது? அதைச் சுற்றியுள்ள வனத்துக்கு இப்போது என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. நாகோல்ட் நதியின் குறுக்கே 600 ஆண்டுகளாக முதுகு வளைத்து நிற்கும் நிக்கோலஸ் பாலத்தின் நடுவில், பாலத்தின் விலாவிலேயே ஒட்டிவைத்தாற்போன்ற சின்னஞ்சிறு தேவாலயத்துக்குச் சற்றுத் தள்ளி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு மெலிந்த மனிதர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மூடுபனிக்குள் அவரை நெருங்கி, அந்தப் பிரதேசத்து வழக்கப்படி 'க்ரூஸ் காட்' என்று வந்தனம் சொல்ல வாயெடுத்த பிறகே, அவர் வெண்கலத்தால் ஆனவர் என்பதும், இந்த ஊரிலே பிறந்து, இளமையிலேயே இதை விட்டுப் போய், பிறகு கெர்பர்ஸாவ் என்னும் கற்பனைப் பெயரில் இதையே கதை கதையாக எழுதிய ஹெர்மன் ஹெஸ்ஸே அவர் என்பதும் எனக்கு விளங்கின. தங்குவதற்கும் புறப்படுவதற்கும் இடையில் என்று பொருள்படும் பெயரை அச்சிலைக்கு 2002ல் இட்டிருக்கிறார் சிற்பி கூர்ட் டாஸோட்டி.

கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. ஒரு கிழவர் நாயோடு போனார். அந்த நாயும் குரைக்கவில்லை. கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு, ஆற்று நீர் கல்லில் மோதுகிற ஓசையைத் தவிர வேறொன்றும் காதில் விழாத அந்த வேளையில், சென்னை நகரத்தின் பஸ் ஒலிப்பான்களுக்குப் பழகிப்போன என் செவிகள் இரண்டும், வேலையிலிருந்து திடீரென்று நீக்கப்பட்ட உத்தியோகஸ்தனைப்போல், என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தன.

எழுத்தில் 'கல்வ்', ஜனங்கள் வாயில் 'கல்ஃப்'. நம் காதுக்குக் கல்வி என்னும் சொல் பாதியில் நின்றுபோனது போலிருக்கும். 1892ல் மவுல்ப்ரோன் மடத்துப் பாடசாலையிலிருந்து தப்பியோடிய பையன் ஹெஸ்ஸேயுடைய ஊருக்கு இந்தப் பெயர் பொருத்தந்தான்.

பாரிஸையும் ரோமாபுரியையும் பார்த்து முடித்தவர்கள், 'கூட்டமில்லாத இடமாக ஒன்று சொல்லுங்களேன், மரம் இருக்கவேண்டும், நடக்க வழி இருக்கவேண்டும்' என்று கேட்கத் தொடங்கியிருக்கும் காலம் இது. கேட்கிறவர்களுடைய மனத்தில் ஆதிகாலம் முதல் மனிதன் கைபடாத வனமும், அதன் மடியில் என்றென்றும் உறங்கிக்கொண்டிருக்கும் கிராமமும் சித்திரமாக இருக்கின்றன. நானும் அப்படிப்பட்ட சித்திரத்தோடு போனவன்தான். ஆனால் நான்கு நாட்கள் அங்கே நடந்து திரிந்த பிறகு எனக்கு உண்டான அபிப்பிராயம், அந்த அமைதி இயற்கை அளித்த வரம் அன்று என்பதே. பாதி, பழைய தொழில்கள் அழிந்துபோனதால் மிஞ்சியது. மறுபாதி, சட்டத்தாலும் தினசரி உழைப்பாலும் கட்டிக் காக்கப்படுவது. இப்போது காடே தன் வடிவை மாற்றிக்கொண்டிருப்பதால், இரண்டு பாதியும் சேர்ந்து ஆட்டங்கண்டிருக்கின்றன.

பெட்டிச் செய்தி: ஊரும் வழியும்

கல்வ், பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் கருங்காட்டின் வடபகுதியில், ஸ்டுட்கார்ட் நகரத்துக்கு மேற்கே இருக்கிறது. சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து ஜனத்தொகை இருபதாயிரத்தைச் சற்றே தாண்டும். ஃபோர்ட்ஸ்ஹைம் நகரிலிருந்து நாகோல்ட் பள்ளத்தாக்கின் வழியாக ரயில் வருகிறது. அந்தப் பாதை 1874ல் போடப்பட்டது. விடுதியில் தங்குகிறவர்களிடம் பல ஊர்களில் தலைக்கு ஒரு சிறு வரி வாங்குகிறார்கள். அதற்குப் பிரதியாகக் கருங்காட்டு ரயிலிலும் பஸ்ஸிலும் கட்டணமின்றிப் போக 'கோனுஸ்' என்னும் அட்டை தருவதும் உண்டு. சைவ உணவுக்காரர்கள் பாலாடைக் கட்டியில் புரட்டிய ஸ்பெட்ஸ்லே என்னும் மாவுப் பண்டத்தைக் கேட்டு வாங்கலாம்.

தெப்பக்காரர்களின் கூச்சல்

இந்த நதியில் ஒரு காலத்தில் இருந்த இரைச்சலை இன்று கற்பனை செய்வதும் சிரமம். மலைமேல் வெட்டிய நெடுமரங்களைச் சரிவுகளில் உருட்டி, சூட்டடுப்பில் வாட்டி முறுக்கிய இளங்கொம்புகளையே கயிறாகக் கொண்டு ஒன்றோடொன்று பிணைத்து, சிற்றணைகளில் தேக்கிவைத்த நீரைத் திறந்துவிட்டு, அந்த வெள்ளத்தின் முதுகிலேறி நாகோல்டிலிருந்து என்ஸ் நதிக்கும், அங்கிருந்து நெக்கருக்கும், முடிவில் ரைன் நதியின் மார்க்கமாக ஹாலந்து தேசத்துக்கும் கொண்டுபோனார்கள். டச்சுக்காரருடைய கப்பல்களுக்கும், சதுப்பு நிலத்தில் அவர்கள் நகரம் எழுப்ப அடித்த முளைகளுக்கும் இந்த மரமே வேண்டியிருந்ததால், மிக உயர்ந்து நேராக வளர்ந்த மரத்துக்கு இங்கே 'ஹாலந்துக்காரன்' என்றே பெயர் ஏற்பட்டது. சிறுவன் ஹெஸ்ஸே தெப்பங்களில் தாவியேறிச் சவாரி செய்ததைப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ரயில் வந்து தெப்பத்தை ஓய்த்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு அந்தத் தொழில் முடிந்தது. மரத் தெப்பமோட்டும் கலையை 2022ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் மானுடத்தின் பாரம்பரியங்களுள் ஒன்றாக அங்கீகரித்தது. தொழில் செத்துப்போன பிறகுதான் அதற்குப் பட்டாபிஷேகம் நடக்கும் போலும்.

கம்பளித் துணி வியாபாரத்திலும் கல்வ் கொழித்தது. இருமுறை தீக்கிரையாகவும் செய்தது: முப்பதாண்டுப் போரில் 1634லும், பிரெஞ்சுச் சைனியத்தின் கையால் 1692லும். சந்தைச் சதுக்கத்தில் நாம் வியந்து படம் பிடிக்கும் மரச்சட்ட வீடுகள் பெரும்பாலும் இரண்டாவது தீக்குப் பின் எழுந்தவை. அதே 1692ல், ஆற்றோரமாகச் சிறிது தூரம் தள்ளியுள்ள ஹிர்ஸாவ் மடாலயமும் எரிந்தது. 11ஆம் நூற்றாண்டில் மடத்தலைவர் வில்ஹெல்ம் காலத்தில், ஜெர்மன் தேசத்து மடங்கள் பலவற்றுக்குச் சீர்திருத்தம் கற்பித்த இடம் அது. அங்கே எரிந்துபோன ஒரு மாளிகையின் கூரையற்ற சுவர்களுக்குள் எல்ம் மரம் ஒன்று தானாக முளைத்து, சுவருக்கு மேல் தலை நீட்டி வளர்ந்து, ஊலாண்ட் என்னும் கவியின் பாடலால் பிரசித்தி பெற்று, கடைசியில் எல்ம் மரங்களைத் தாக்கும் பூஞ்சை நோயால் 1980களின் இறுதியில் மாண்டது. வெற்றுச் சுவர்கள் நிற்கின்றன. கூட்டமாக வந்து இறங்கிய பள்ளிப் பிள்ளைகள்கூட அங்கே நுழைந்ததும் குரல் தாழ்த்திக்கொண்டதைப் பார்த்தேன்.

சட்டம் காக்கும் மௌனம்

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பது ஜெர்மனியில் மத சம்பிரதாயம் மட்டும் அன்று. 1919ல் வைமர் அரசியல் சாசனத்தில் எழுதப்பட்டு, 1949ல் இன்றைய சாசனத்துக்குள்ளும் அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்ட விதி. கடை திறக்கக்கூடாது என்பதோடு நிற்கவில்லை. குடியிருப்புப் பகுதியில் அன்றைக்குப் புல்வெட்டும் யந்திரத்தை ஓட்டுவதும் குற்றம். நம்மவர் ஒருவர் புதிதாக அங்கே குடிபோய், ஞாயிறு மத்தியானம் சுவரில் ஆணி அடிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து தெரிவிப்பார்.

வனத்துக்கும் அவ்விதமே. 1975ஆம் ஆண்டு மத்திய வனச் சட்டத்தின்படி, காடு அரசாங்கத்துடையதாயினும் தனியாருடையதாயினும், ஓய்வுக்காக அதனுள் நடந்துபோக எவருக்கும் உரிமை உண்டு. அனுமதிச் சீட்டு இல்லை, கட்டணம் இல்லை, வாயிலில் காவலர் இல்லை. கிளை முறிந்து தலையில் விழுந்தால் மட்டும் அது காட்டின் இயல்பு என்று பொறுத்துக்கொள்ளவேண்டும். இந்தச் சுதந்திரத்தை அனுபவித்தபடி நடந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகத்துக்கு வந்து உறுத்தியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நடக்க உரிமை இருந்தால் போதுமா? வழி தெரியவேண்டுமே. 1864ல் ஸ்தாபிக்கப்பட்ட கருங்காட்டுச் சங்கம், ஜெர்மனியின் நடைச் சங்கங்களுள் மிகப் பழையது. அதன் தொண்டர்கள் சுமார் 24,000 கிலோமீட்டர் நீளமுள்ள பாதைகளுக்கு அடையாளமிட்டுக் காத்துவருகிறார்கள். ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்து சுவிட்ஸர்லாந்தின் பாஸல் வரையில் 285 கிலோமீட்டர் ஓடும் 'மேற்கு வழி' 1900ல் அமைந்தது. அதற்குச் சிவப்புச் சாய்சதுரம் குறி. வட்டாரத்துக்கு வட்டாரம் இணைக்கும் வழிக்கு நீலம், உள்ளூர் வழிக்கு மஞ்சள். உள்ளங்கை அகலமுள்ள அந்த மஞ்சள் தகட்டை நம்பி நான் தனியாக ஏழு மணி நேரம் நடந்தேன். ஒரே ஓரிடத்தில் தவிர அது என்னைக் கைவிடவில்லை. தகட்டின் ஆணிகள் முழுவதும் இறங்காமல், ஒரு விரற்கடை வெளியே துருத்திக்கொண்டிருந்தன. சோம்பேறித்தனமாக அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மரம் பருக்கும்போது தகடு பிளக்காமலிருக்க விட்ட இடைவெளி அது என்பதைப் பிறகு அறிந்தேன். பின்னாளில் ரம்பத்தின் பல் போகாதபடி ஆணியையும் அலுமினியத்தில் செய்திருக்கிறார்கள்.

பெட்டிச் செய்தி: காட்டுக்குள் கவனிக்கவேண்டியவை

இந்த மாநிலத்தில் மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரையில் காட்டுக்குள் புகை பிடிக்கக்கூடாது. இரண்டு மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள பாதையில் சைக்கிள் விடலாகாது. கண்ட இடத்தில் கூடாரம் அடிப்பதும் அடுப்பு மூட்டுவதும் தடை. தம் உபயோகத்துக்கு அளவாகக் காளானும் பழமும் பறிக்கலாம். இங்கே பெரிய அபாயம் ஓநாயன்று, உண்ணி. மூளைக் காய்ச்சலையும் வேறு நோய்களையும் அது பரப்பக்கூடும் என்பதால், மாநிலம் ஏறக்குறைய முழுவதும் எச்சரிக்கைப் பிரதேசம். மூளைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. மற்றதற்கு, மாலையில் திரும்பியதும் முழங்கால் மடிப்பைப் பார்த்துக்கொள்வதே மருந்து.

1864: ஒரே ஆண்டில் இரண்டு காரியங்கள்

உறுத்திய விஷயம் இதுதான். காட்டில் நடக்கிறவர்களுக்காகக் கருங்காட்டுச் சங்கம் தோன்றிய அதே 1864ல், பான் நகரத்துத் தாவரவியலாளர் டீட்ரிக் பிராண்டிஸ் பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் வனத் தலைமை அதிகாரியாகப் பொறுப்பேற்றார். அவருக்குப் பின் அந்தப் பதவியில் அமர்ந்த ஷ்லிக், ரிப்பன்ட்ராப் இருவரும் ஜெர்மானியரே. சென்னை ராஜதானிக்கு வந்து பிராண்டிஸ் சொன்ன யோசனைகளின் மேல்தான் 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் உருவாயிற்று. 'காப்புக்காடு, உள்ளே நுழையாதே' என்று நம் மலையடிவாரங்களில் நிற்கும் பலகைகளின் பூர்வோத்தரம் அது. ஒரே தேசத்தின் வனவியல், சொந்த ஊரில் வழிகாட்டித் தகடாகவும், நம் ஊரில் தடுப்புப் பலகையாகவும் ஆனது.

ஜெர்மானியரும் தங்கள் ஏழைகளை அப்படித்தான் நடத்தினார்கள் என்பதையும் சொல்லாமல் விடலாகாது. கீழே விழுந்த சுள்ளியைப் பொறுக்கியவனைத் திருடன் என்று தண்டிக்க முயன்ற ரைன்லாந்துச் சட்டத்தை எதிர்த்து, 1842ல் பத்திரிகையில் எழுதிய இளைஞன் பெயர் கார்ல் மார்க்ஸ்.

இந்தியாவோடு கல்வுக்கு இன்னொரு நெருங்கிய பந்தமும் இருக்கிறது. ஹெஸ்ஸேயின் தாய்வழிப் பாட்டனார் ஹெர்மன் குண்டர்ட் 1836ல் சென்னையில் வந்து இறங்கி, திருநெல்வேலிச் சீமையில் தமிழ் கற்று, பிறகு தலச்சேரியில் வாழ்ந்து, மலையாளத்துக்கு இலக்கணமும் அகராதியும் செய்தவர். அந்த அகராதி 1872ல் வெளிவந்தபோது அவர் கல்வில் ஒரு பதிப்பகத்தை நடத்திக்கொண்டிருந்தார். 1893ல் இங்கேயே காலமானார். தலச்சேரியில் பிறந்த மகள் மாரியின் புதல்வனே பிற்பாடு 'சித்தார்த்தா' எழுதியவன். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் திருலோக சீதாராம். 1911ல் இலங்கை வரையில் கப்பலேறி வந்த ஹெஸ்ஸே இந்திய மண்ணில் கால் வைக்காமலே திரும்பிப்போனது, பாட்டனாருடைய ஊர்களை நினைக்கும்போது, எனக்கு ஏதோ குறையாகவே படுகிறது.

'அச்சுக்காரன்' வந்தான்

ஹாலந்துக்கும் கண்ணாடிச் சூளைக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டிக்கொடுத்து, 1800ஆம் ஆண்டை ஒட்டி இந்த மலைகளிற் பெரும்பகுதி மொட்டையாக நின்றது. ஆதியில் இருந்தவை பீச் என்னும் அகலிலை மரமும் வெள்ளி ஃபிர் மரமும். அவை நிழலில் மெள்ள வளர்பவை. வெட்டவெளியில் விரைந்து வளரும் ஸ்ப்ரூஸ் மரத்தை வரிசை வரிசையாக நட்டு, ஒரு நூற்றாண்டில் மலையை மறுபடியும் பச்சையாக்கினார்கள். அது மகத்தான சாதனைதான். நாம் 'ஆதிவனம்' என்று மெய்சிலிர்க்கும் கருமை, பெரும்பாலும் பாட்டன் நட்ட பயிர்.

அந்தப் பயிருக்குத்தான் இப்போது ஆபத்து. ஸ்ப்ரூஸ் குளிரையும் ஈரத்தையும் விரும்புவது; அதன் வேர் ஆழமாகப் போவதில்லை. 1999 டிசம்பர் 26ஆம் தேதி வீசிய 'லோதார்' சூறாவளி இந்த மாநிலத்தில் மட்டும் சுமார் மூன்று கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. அப்பொழுதே பாடம் படித்தவர்கள் பலர்; படித்த பாடம் மரமாகுமுன் 2018 முதல் மூன்று கோடைகள் அடுத்தடுத்து வறண்டன.

வறட்சி வந்தால் பின்னாலேயே ஒரு வண்டு வரும். அரிசிமணி நீளங்கூட இல்லாத அதற்கு ஜெர்மானியர் இட்ட பெயர் 'அச்சுக்காரன்'. தாய் வண்டு பட்டைக்கடியில் நெடுக ஒரு சுரங்கம் குடைய, அதன் இருபுறமும் புழுக்கள் வரிவரியாகக் குடைந்துகொண்டு போவதால், பட்டையைப் பெயர்த்துப் பார்த்தால் அச்சடித்த பக்கம் போலவே இருக்கும். ஆரோக்கியமான மரம் பிசினைச் சுரந்து வண்டை மூழ்கடித்துவிடும். தண்ணீரில்லாத மரத்துக்குப் பிசின் ஏது? 2018 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரையில் ஜெர்மனி முழுவதிலும் ஏறத்தாழ ஐந்து லட்சம் ஹெக்டேர் காடு இழந்துபோனதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்கிட்டிருக்கிறார்கள். வண்டால் மிகவும் பாழான ஹார்ட்ஸ் மலையோடு ஒப்பிட்டால் கருங்காடு பிழைத்தது என்றே சொல்லவேண்டும். ஆனாலும் தேசமெங்கும் ஆண்டுதோறும் எடுக்கும் வனக் கணக்கெடுப்பில், நோயற்ற தலையுடைய மரம் ஐந்தில் ஒன்றுதான் தேறுகிறது.

இதன் விளைவுகள் மரத்தோடு முடிவதில்லை. வண்டு தின்ற மரங்களை ஒரேயடியாக வெட்டிச் சந்தையில் கொட்டியதில் விலை சரிந்தது. அகலமான லாரிப் பாதை தேவைப்பட்டது. நடைபாதைகள் மாதக்கணக்கில் அடைபட்டன. இனி எதை நடுவது என்பதில் வாக்குவாதம் ஓயவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த டக்ளஸ் ஃபிர் வறட்சியைத் தாங்கும் என்பார் ஒரு கட்சி. அந்நியனை நட்டு மறுபடியும் பாட்டனுடைய பிழையையே செய்யாதே என்பார் மறு கட்சி. வெள்ளி ஃபிர் ஆழமாக வேர்விடும், ஆனால் அதன் துளிர் மான்களுக்கு மிகப் பிரியம். ஆகவே காடு வளர்க்க வேண்டுமானால் மான் வேட்டையைப் பெருக்கவேண்டும் என்கிறார்கள் வனத்தார். அகிம்சையைப் பற்றிப் பேச வந்த பிரயாணி இங்கே வாய் மூடிக்கொள்வது நல்லது.

2014ல் இங்கிருந்து தென்மேற்கே சுமார் 10,000 ஹெக்டேர் பரப்பில் தேசியப் பூங்கா ஒன்றை உண்டாக்கி, இயற்கையை அதன் போக்கிலேயே விட்டுவிடுவது என்று தீர்மானித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு சுற்றுப்புற ஊர்களில் வாக்கெடுப்பு நடந்தபோது பெரும்பான்மையோர் வேண்டாமென்றே சொன்னார்கள். வண்டை வளரவிட்டால் தங்கள் தோப்புக்கும் பரவுமே என்ற பயம், மரம் அறுத்துப் பிழைத்த குடும்பத்துக்கு நியாயமானதுதான். எல்லையில் அரைக் கிலோமீட்டர் அகலத்துக்கு வண்டு பிடித்த மரங்களை உடனுக்குடன் அகற்றும் ஏற்பாட்டோடு சமாதானம் ஏற்பட்டது.

வௌவாலும் ரயிலும் ஒரே குகையில்

அமைதியை விற்கும் ஊருக்கு வாடிக்கைக்காரர் வந்து சேரவும் வேண்டும். ஸ்டுட்கார்ட் பக்கத்திலிருந்து, கெப்ளர் பிறந்த வைல் டெர் ஷ்டாட்டின் வழியாக 1872ல் கல்வுக்கு வந்த இருப்புப்பாதையில் 1983ல் பிரயாணிகள் வண்டி நின்றுபோயிற்று. மனிதர் கைவிட்ட சுரங்கங்களில் வௌவால்கள் குடியேறின. பிறகு ஹெஸ்ஸேயின் பெயரையே சூட்டி அந்தப் பாதையை மறுபடியும் உயிர்ப்பிக்க ஜில்லா நிர்வாகம் முனைந்தபோது, பாதுகாக்கப்பட்ட அந்த ஜீவன்களின் சார்பில் ஆட்சேபம் எழுந்தது. கட்சிகள் கூடிப் பேசி எட்டிய முடிவு விசித்திரமானது: சுரங்கத்தை நீளவாக்கில் சுவர் வைத்துப் பிரித்து, ஒரு பக்கம் ரயிலுக்கு, மறுபக்கம் வௌவாலுக்கு என்று பாகப்பிரிவினை செய்தார்கள். அதற்குள் செலவு பல மடங்கு பெருகி, குறித்த நாட்கள் பல முறை தள்ளிப்போயின. உள்ளூர்க்காரர்களுள் சிலர் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்; சிலர் சிரிக்கவில்லை.

ரயிலுக்கு இவ்வளவு பிரயாசை எதற்கென்றால், அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளில் உள்ள ஊற்று ஊர்களின் கதையைப் பார்க்கவேண்டும். பாட் லீபன்ட்ஸெல், பாட் டைனாக், பாட் வில்ட்பாட் முதலிய ஊர்கள் நோயாளிகளை வாரக்கணக்கில் வரவழைத்து வாழ்ந்தவை. 1997ல் மருத்துவக் காப்புறுதி விதிகள் இறுகி, அத்தகைய சிகிச்சைக்குக் கொடுத்துவந்த நாட்கள் குறைந்ததும் விடுதிகள் வெறிச்சோடின. நோயாளிக்குப் பதில் நடைக்காரரைத் தேடவேண்டியதாயிற்று. வில்ட்பாட்டில் 2014ல் மர உச்சிகளுக்கு மேல் ஒரு நடைபாலமும், 2018ல் 380 மீட்டர் நீளமுள்ள தொங்குபாலமும் எழுந்தன. ஜனங்கள் திரள்கிறார்கள். ஆடும் பாலத்தின்மேல் நின்று அலறுவதில் அவர்களுக்கு ஆனந்தம் உண்டாவதை நான் குறை சொல்லவில்லை. காட்டைப் பார்க்கக் காட்டுக்கு மேலே போய் நிற்கவேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். கல்வ் அப்படி எதையும் இன்னும் கட்டவில்லை.

தகடு இல்லாத இடம்

மஞ்சள் தகடு என்னைக் கைவிட்ட ஓரிடம் உண்டு என்றேனல்லவா? மார்ச் மாதத்தில் ஊதா நிறக் குங்குமப் பூக்கள் புல்வெளியை மூடுவதனால் பேர்போன சாவெல்ஸ்டைன் கிராமத்துக்கு, மேட்டு வழியாகப் போய்த் திரும்பும்போது, காடு சட்டென்று முடிந்து வெயில் முகத்தில் அடித்தது. நாலைந்து ஏக்கருக்குக் குறையாத சரிவு முழுவதும் வெறும் அடிக்கட்டைகள். அவற்றுக்கிடையே முழங்காலுயரப் பிளாஸ்டிக் குழாய்கள் நட்டிருந்தார்கள். ஒன்றுக்குள் குனிந்து பார்த்தேன். நான்கு இலை விட்ட ஓக் கன்று. வழி மூன்றாகப் பிரிந்தது. குறி தாங்கிய மரம் எது என்று தேடினால், அது மற்றவற்றோடு லாரியேறிப் போய்விட்டது.

கால் மணி நேரம் கழித்து, முதுகில் பையும் கையில் சுத்தியலுமாக எழுபது வயதுக்குக் குறையாத ஒருவர் கீழிருந்து ஏறி வந்தார். சங்கத்தின் தொண்டர். இந்த வருஷம் இது எத்தனையாவது மரம் என்று கேட்டேன். எண்ணுவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். முதல் நாள் அவரே நட்டுவைத்திருந்த கம்பத்தில் புதிய மஞ்சள் சாய்சதுரத்தை வைத்து, இரண்டு அலுமினிய ஆணிகளை அடித்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆணிகளை அவர் வெளியே துருத்த விடவில்லை. தகட்டோடு தகடாய்ப் படியும்வரையில் அடித்து இறக்கினார். என் பார்வையைக் கண்டு, 'கம்பம் பருக்காதே' என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, நடு வழியில் இறங்கினால் ஐந்தரை ரயிலைப் பிடிக்கலாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த கம்பத்தை நோக்கிப் போனார்.